பூச்சி மருந்துக்கு முன் கூடையும் மண்வெட்டியும்: பினாங்குக் குதிரைகளும் குடற்புழுவும்

1864இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தய மன்றம் 2025 மே 31இல் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. அதன் பிறகு இத்தீவில் குதிரைக்குப் பூச்சி மருந்து கொடுப்பது பற்றி எழுதுவது காலங்கடந்த அக்கறையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தயக் குதிரை பெரும்பாலும் லாயத்தில் நின்று, கொண்டுவந்து போட்டதைத் தின்றது. புல்வெளிப் புழு அதை அவ்வளவாக எட்டவில்லை. சிறு துண்டு நிலத்தில் மேய்ந்து, மாலையில் பத்து பெரிங்கி மணலில் சவாரிக்கு நிற்கும் குதிரையின் கதை வேறு. மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க ஒவ்வொரு வாய்ப் புல்லிலும் புழு கூடும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைகளுக்கும் மருந்து என்ற வழக்கம் 1966இல் கென்டக்கியில் டிரட்ஜ், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வகுத்தது. அவர்கள் குறிவைத்தது ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்ற பெரும்புழுவை. அதன் இளம்புழுக்கள் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியில் தங்கி, உயிர்கொல்லும் வயிற்றுவலியை உண்டாக்கும். அந்தக் குறி தப்பவில்லை. ஆனால் பெரும்புழு விட்ட இடத்தைச் சிறு ஸ்ட்ராங்கைல்கள் பிடித்துக்கொண்டன. பென்சிமிடசோல் மருந்துகள் அவற்றிடம் தோற்றன. 1981இல் வந்த ஐவர்மெக்டின் முதலில் எட்டு வாரம் லத்தியில் முட்டையே தெரியாமல் வைத்திருந்தது. இன்று பல நாடுகளில் ஐந்து வாரத்திலேயே முட்டை திரும்பிவிடுகிறது.

என் வாதம் இதுதான்: குளிர்நாட்டு நாட்காட்டி இங்கே பொருந்தாது, பினாங்கில் முதல் மருந்து லத்தி அள்ளுவதே. 25 முதல் 33 டிகிரி வெப்பமும் ஈரமும் இருந்தால், ஸ்ட்ராங்கைல் முட்டை பொரித்துத் தொற்றும் நிலைக்கு வர மூன்று நான்கு நாள் போதும். ஜார்ஜ் டவுனின் சாதாரண நாளே அப்படித்தான். ஆனால் அதே வெப்பத்தில் புழுவுக்கும் ஆயுள் குறைவு. தொற்றும் நிலையிலுள்ள இளம்புழு உறைக்குள் அடைபட்டிருப்பதால் உண்ண முடியாது. சேமிப்பைக் கரைத்தே வாழ்கிறது. வெயில் கூடினால் கரைவும் கூடும். 1994இல் பார்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் டோங்காவில் ஆடுகளைப் பத்துத் தடுப்பு நிலங்களில் மூன்றரை நாளுக்கு ஒன்றாக மாற்றி மேய்த்து, இந்தக் குறுகிய ஆயுளைப் பயன்படுத்திக் காட்டினர். ஆட்டுப்புழு குதிரைப்புழு அல்ல. ஈரவெப்ப நாட்டில் நிலத்துக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓய்வு தேவையில்லை என்ற தருக்கம் மட்டும் இங்கும் செல்லும் என்றே கருதுகிறேன்.

ஆகவே மூன்று நாளுக்குள் அள்ளிவிட வேண்டும். வாரத்துக்கு இருமுறை அள்ளுவது மருந்தைவிடப் பயன் தருவதை 1986இல் ஹெர்ட் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். 500 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் போடும் என்பதால் இது சின்ன வேலையல்ல. கூலியை மிச்சப்படுத்த லத்தியைப் பரப்பி இழுத்துவிடுவோர் உண்டு. குதிரை தன் கழிவிடத்தருகே மேயாது, அதற்கு அந்த நாசூக்கு உண்டு. பரப்புகிறவர் அந்த எல்லையைத்தான் அழிக்கிறார். மழைக்காலத்தில் அது புழுவை விதைப்பது போன்றது.

மருந்தை ஒதுக்கச் சொல்லவில்லை. குட்டிகளின் உருண்டைப்புழுவுக்கு அது வேண்டும். வளர்ந்த குதிரைகளில் ஐந்தில் ஒரு பங்குதான் முட்டைகளில் எண்பது விழுக்காட்டைப் போடுகிறது. லத்தியில் முட்டையை எண்ணிப் பார்த்து அந்தக் குதிரைகளுக்கு மட்டும் அடிக்கடி கொடுக்கலாம். மற்றவற்றுக்கு ஆண்டில் ஓரிரு முறை போதும்.

அள்ளிய லத்தி எங்கே போகும்? இந்தக் கேள்வி பழையது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டப் பொறுப்பேற்ற ரிட்லி, தென்னையைத் துளைக்கும் வண்டுகளைப் பற்றி எழுதினார். 1890இல் நீரிணைக் குடியேற்றங்களில் தென்னைப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அவ்வண்டுகளில் ஒன்றான காண்டாமிருக வண்டுக்குப் பழைய எருக்குவியல்தான் தொட்டில். பச்சை லத்தியைத் திறந்தவெளியில் குவித்தால் ஈயும் பெருகும். சிமெண்ட் தளமும் கூரையும் வேண்டும். வெளிப்புறம் உள்ளே போகுமாறு கிளறி, குவியல் முழுவதும் சில நாட்களாவது 55 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். முட்டை வண்டாக மாற நான்கு மாதமாவது ஆகும் என்பதால், மூன்று மாதத்துக்குள் குவியலைக் காலி செய்து காய்கறிப் பாத்திக்குப் போடலாம். மேய்ச்சல் நிலத்துக்கு மட்டும் வேண்டாம். உருண்டைப்புழுவின் தடித்த ஓட்டு முட்டைகள் சூடு படாமல் தப்பினால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.