டப்பாத் துளையும் லேசர் துளையும்

2012இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்துக்கொண்டிருந்த ரெஜினா வால்கன்பர்க், ஒரு பியர் டப்பாவுக்குள் புகைப்படத் தாளைச் சுருட்டி வைத்து, அதில் சிறு துளை போட்டு, பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில் ஒரு தொலைநோக்கியின் மீது பொருத்தினார். பிறகு அது எல்லோருக்கும் மறந்துபோனது. 2020 செப்டம்பரில் இறக்கிப் பார்த்தபோது தாளில் 2,953 வில்கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு பகலில் சூரியன் நகர்ந்த பாதை. லென்ஸ் இல்லாமல், எட்டு ஆண்டுகளில் பதிவான ஒரே படம்!

அப்படியானால் ஊசித்துளை கேமராவுக்கென்று கடையில் விற்கும், லேசரால் போட்ட துளை எதற்கு? ஒரு துளை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

முதலில் அளவு. துளை பெரிதானால் படம் மங்கும். மிகச் சிறிதானாலும் மங்கும், ஏனென்றால் விளிம்பு விளைவால் ஒளி பரவிவிடும். இடைப்பட்ட சரியான அளவை ராலே பிரபு 1891இல் ஆராய்ந்து எழுதினார். இன்று புழங்கும் கணக்கு இதுதான்: துளைக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.045ஆல் பெருக்க வேண்டும். 50 மி.மீ. என்றால் துளை ஏறக்குறைய 0.3 மி.மீ.

குளிர்பான டப்பாவின் பக்கச் சுவர் சுமார் 0.1 மி.மீ. கனம். அதில் ஒரு துண்டை வெட்டி அட்டை மேல் வைத்து, ஊசி முனையை அழுத்திச் சுழற்ற வேண்டும். குத்திவிடக் கூடாது. மறுபுறம் சின்ன மேடு எழும். அதை நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துவிட்டு மீண்டும் அழுத்த வேண்டும். மீண்டும் தேய்க்க வேண்டும். தேயத் தேய அந்த இடத்தில் தகடு மெலிந்து, கடைசியில் ஊசி முனை மட்டும் எட்டிப்பார்க்கும். ஒரே குத்தில் போட்ட துளையின் ஓரம் கிழிந்து பிசிறு நிற்கும். படத்தைக் கெடுப்பது அந்தப் பிசிறுதான். துளை வட்டமாக இருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்க்கலாம். 2400 டிபிஐயில் 0.3 மி.மீ. துளை 28 பிக்சல் அகலம் வரும். எண்ணிவிடலாம்.

தொழிற்சாலைத் துளை வேறு வழியில் வருகிறது. டப்பாச் சுவரைவிட மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் லேசர் துளையிடும். விளிம்பு சீராக இருக்கும், அளவு உறையிலேயே அச்சாகியிருக்கும். இந்த நம்பகத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

50 மி.மீ. ஆழமுள்ள கேமராவில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தி எடுத்தால், எந்தப் படம் எதில் எடுத்தது என்று சொல்வது கடினம். நன்றாகத் தேய்த்த துளையாக இருந்தால் அப்படித்தான். விளிம்பு விளைவு இரண்டையும் ஒரே அளவுக்கு மென்மையாக்கிவிடுகிறது. தொழிற்சாலையின் கூடுதல் துல்லியத்துக்கு அங்கே வேலையில்லை. வீட்டுத் துளை 0.3க்குப் பதில் 0.33 ஆகிவிட்டாலும் ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் கூடும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு ஒரு விநாடி, இரண்டு விநாடி திறந்து வைக்கும் இடத்தில் அது பெரிய பிழையே அல்ல.

அகலக் கோணத்தில்தான் நிலைமை மாறுகிறது. ஆழம் 25 மி.மீ. ஆனால் துளை 0.22 மி.மீ.க்கு இறங்கிவிடும். சாய்வாக 45 பாகையில் வரும் ஒளிக்கு, தேய்க்காத 0.1 மி.மீ. தகடு ஒரு குகை. துளையின் அகலத்தில் பாதிக்கு அருகே மறைந்துபோய், படத்தின் மூலைகள் இருண்டுவிடும். இவ்வளவு சின்னத் துளையை வட்டமாகப் போடுவதும் கைக்குச் சிரமம். இங்கே லேசர் துளை வாங்குவதே சரி. 100 மி.மீ. ஆழமுள்ள பால்பவுடர் டப்பாவை கேமராவாக்குகிறவருக்கு வேண்டியதோ 0.45 மி.மீ. துளை. அதற்கு ஊசியும் உப்புத்தாளும் போதும்.