ஓசூரும் ஒரு ஸ்படிகமும்

ஸ்படிகம் என்றதும் நம்மவர்களுக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? சிதம்பரத்து ஸ்படிக லிங்கம் வரும். பாட்டியின் கழுத்திலே புரண்ட ஸ்படிக மாலை வரும். மாசற்ற மனத்துக்கு ஓர் உவமை வேண்டுமானால், ஸ்படிகம் போல என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் புனிதமான கல் இருபதாம் நூற்றாண்டில் கைக்கடிகாரத்துக்குள் குடிபுகுந்து, கன்னட நாட்டு எல்லையை ஒட்டிக் கிடந்த ஓசூரின் தலையெழுத்தையே மாற்றி எழுதிற்று. அந்தக் கதைதான் இது.

கிருஷ்ணகிரிச் சீமையில் ஸ்படிகத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே பாறைகளை அறுத்து மெருகேற்றி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்களே, அந்த வெளிர்நிறக் கற்களில் கண்ணாடித் துணுக்குபோல மினுமினுப்பது பெரும்பாலும் ஸ்படிகமேதான். ஆனால் அந்தத் துணுக்குகளுக்கு முகமில்லை, முனையில்லை. மற்றத் தாதுக்கள் நாலாபுறமும் நெருக்க, கிடைத்த சந்துபொந்தை நிரப்பிக்கொண்டு கிடக்கின்றன. அதே பொருள் மலைக்குகையின் வெற்றிடத்தில், வெந்நீர் சூழ வளர்ந்திருந்தால் ஆறு பட்டையும் கூர்முனையுமாக அரசகுமாரன்போல நிமிர்ந்திருக்கும். பிறப்பு ஒன்றுதான்; சுற்றுப்புறம் வேறு!

உருவத்தின் ரகசியம் சுற்றுப்புறத்தில் இருக்கிறது என்பதை முதலில் தெளிவாகச் சொன்னவர் டென்மார்க்கில் பிறந்து இத்தாலியில் வாழ்ந்த ஸ்டெனோ என்ற வைத்தியர். 1669இல் வெளியிட்ட நூலில் அவர் இரண்டு விஷயங்களை எழுதினார். ஸ்படிகங்கள் சிறிதானாலும் பெரிதானாலும், கோணலானாலும் நேரானாலும், ஒத்த முகங்களுக்கு இடையிலுள்ள கோணம் மாறுவதில்லை என்பது ஒன்று. ஸ்படிகம் செடியைப்போல உள்ளிருந்து வளர்வதில்லை. வெளியே சூழ்ந்த திரவத்திலிருந்து துகள்கள் வந்து அதன் முகங்களின் மேல் படிவதால் வளர்கிறது, அதுவும் எல்லா முகங்களிலும் ஒரே அளவாகப் படிவதில்லை என்பது மற்றொன்று.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. எந்த முகம் வேகமாக வளர்கிறதோ அதுதான் பெரிதாகத் தெரியும் என்று நாம் நினைப்போம். நடப்பதோ நேர்மாறு. கோபுரம் உயர உயரக் குறுகிக் கலசத்தில் முடிகிறதல்லவா? அதைப்போல வேகமாக வளரும் முகம் வளர வளரக் குறுகி, கடைசியில் மறைந்தே போகிறது. நிதானமாக வளரும் முகங்களே நம் கண்ணுக்கு எஞ்சி நிற்கின்றன.

அப்படியானால் ஒரு முகத்தைத் தாமதப்படுத்தினால் உருவமே மாறிவிடாதா? மாறத்தான் செய்கிறது. சமையலறை உப்பு சாதாரணமாகச் சதுரக் கட்டிகளாக உறையும். அதே உப்பு சிறுநீரில் கரைந்து உறையும்போது எட்டு முகம் கொண்ட மணியாகிறது என்று 1783இல் ரோமே தெ லீல் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதிவைத்தார். முகத்தைச் சுளிக்க வேண்டாம்; விஞ்ஞானிகள் எதையும் விட்டுவைப்பதில்லை. சிறுநீரிலுள்ள யூரியா குறிப்பிட்ட சில முகங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட முகங்களே நிலைக்கின்றன. ஒட்ட வந்த அந்நியன் உருவத்தைத் தீர்மானித்துவிடுகிறான்!

ஸ்படிகத்துக்குத் திரும்புவோம். அதை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அந்த அதிர்வு அசாத்திய ஒழுங்குடையது. ஆகவே இரண்டாவது உலக யுத்தத்தில் வானொலிக் கருவிகளுக்காக ஸ்படிகத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. பிரேசில் நாட்டுச் சுரங்கங்களை எத்தனை நாள் நம்புவது? இத்தாலியில் ஸ்பெட்சியா என்பவர் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்து காட்டிய வித்தையை யுத்தத்துக்குப் பின் அமெரிக்கர்கள் தொழிலாக்கினார்கள்.

கனத்த உருக்குப் பாத்திரத்தின் அடியில் ஸ்படிகச் சில்லுகள். மேலே மெல்லிய விதைத் தகடுகள். நடுவே சோடாக் காரம் கலந்த நீர். 350 டிகிரி சூடு, ஆயிரம் வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தம். வெறும் நீருக்கு அந்தக் கல் எளிதில் மசியாது. காரம்தான் அதன் பிணைப்பை அறுத்துக் கரைக்கிறது. கரைந்தது மேலே போய்ச் சற்றுக் குளிர்ந்த விதையின்மேல் படிகிறது. இயற்கை ஸ்படிகத்தில் எந்த முகம் வேகமாக வளர்ந்து மறைந்துபோகிறதோ, அதையே அகலமாக வெட்டி விதையாக வைக்கிறார்கள். அந்த வேகம் முழுவதும் லாபமாகிறது. லித்தியம் உப்பு சிறிது சேர்த்தால் தரம் உயர்கிறது. மாசின்மைக்கு உவமையான கல் காரத்திலும் கலப்பிலும் வளர்கிறது!

பிறகு அதைத் தகடாக்கி, அமிலத்தால் அரித்து, இரு கால் கொண்ட நுண்ணிய கவையாக்குகிறார்கள். அமிலமும் எல்லா முகங்களையும் ஒரே வேகத்தில் தின்பதில்லை. அந்தக் கவை விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிஞ்சுவது ஒன்று. அதுவே ஒரு விநாடி. 1969 டிசம்பர் 25ஆம் தேதி டோக்கியோவில் முதல் ஸ்படிகக் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டில் அப்போது கடிகாரம் என்றால் எச்.எம்.டி. 1961இல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் துணையோடு பெங்களூரில் தொடங்கியது அதன் கடிகாரத் தொழிற்சாலை. அது ஸ்படிகக் கடிகாரமும் செய்து பார்த்தது. ஆனால் அதன் பலமெல்லாம் சாவி கொடுக்கும் கடிகாரத்தில்தான். 1984இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக டைட்டன் நிறுவனத்தை அமைத்தன. ஜெர்க்ஸஸ் தேசாய் தலைமையில் அது ஸ்படிகத்தை முழுதாக நம்பி ஓசூரில் ஆலை எழுப்பிற்று. சுற்றுப்புறக் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகள் அங்கே வந்து, தலைமயிரினும் மெல்லிய வேலைகளைக் கற்றுக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால், 2016இல், எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது.

இதைப் படிக விதியோடு முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆலைகளில் இருப்பவர்கள் மனிதர்கள். மூடப்பட்ட கதவுக்கு வெளியே நின்றவர்களிடம் கோபுரக் கலசத்தின் உவமையைச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். படிகத்தின் நடுப்பகுதி என்றோ முடிந்துபோன கணக்கு. புதிதாக ஏதாவது நடப்பது விளிம்பில்தான், வெளியிலிருந்து வருவது வந்து ஒட்டும் இடத்தில்தான். சென்னைக்கு வெகு தொலைவிலும் பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டரிலும் இருக்கும் ஓசூரின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேரத்தில் புரளக் கேட்கலாம். ராஜ்யத்தின் கடைக்கோடி என்று ஒரு காலத்தில் இரங்கிப் பேசினோம். கடைக்கோடியாக இருந்ததே அந்த ஊருக்கு உருவம் கொடுத்தது.