போடிநாயக்கனூர்: தேர்தல் வரலாறும் வாக்களிப்புப் போக்கும்

போடிநாயக்கனூர் (பேச்சுவழக்கில் போடி) தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள நகரம்; தமிழ்நாடு சட்டமன்றத்தின் 200ஆம் எண் தொகுதி; தேனி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பிரிவுகளில் ஒன்று. ஜெ. ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்வான தொகுதி இது. ஓ. பன்னீர்செல்வம் தொடர்ந்து மூன்று முறை வென்றதும் இங்குதான். இதனால் 'அதிமுகவின் கோட்டை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் தேர்தல் முடிவுகளை வரிசையாகப் பார்த்தால், போடி பெரும்பாலும் மாநிலத்தில் வீசிய காற்றோடு சேர்ந்தே சென்றிருக்கிறது.

வாக்காளர்கள்

முன்பு ஜமீனாக இருந்த போடி, ஏலக்காய் வணிகத்தால் வளர்ந்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கு இயங்குகிறது. தோட்டங்கள் பெரும்பாலும் போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. காய் எடுக்கும் பெண்கள் விடியும் முன்பே சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, மாலையில் ஊர் திரும்புகிறார்கள். அடிவார ஊர்களில் விவசாயக் குடும்பங்கள் மிகுதி. முக்குலத்தோர், பட்டியல் சாதியினர், நாயுடு, செட்டியார், ஒக்கலிகர் உள்ளிட்ட பல சமூகத்தினர் வாழ்கின்றனர். 1989இல் போடி வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரம் உயிர்களைப் பலிகொண்டது.

1989க்கு முன்

காங்கிரஸ் ஆட்சிக் காலத்தில் அக்கட்சியின் ஏ. எஸ். சுப்பராஜ் இத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 1977, 1980 தேர்தல்களில் அதிமுக வென்றது. 1984இல் அதிமுக கூட்டணியில் தொகுதி காங்கிரசுக்குப் போக, கே. எஸ். எம். ராமச்சந்திரன் வென்றார். அதே தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே பக்கத்துத் தொகுதியான ஆண்டிபட்டியில் வெற்றி பெற்றார்.

1989 தேர்தல்

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அதிமுக இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவலும் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் அணிக்கு இரட்டைப் புறாவும் சின்னங்களாயின. ஜெயலலிதா போடியில் நின்றார். அவரை எதிர்த்து திமுகவின் முத்து மனோகரனும், ஜானகி அணியில் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவும் களமிறங்கினர். ஜெயலலிதா 57,603 வாக்குகளும் முத்து மனோகரன் 28,872 வாக்குகளும் பெற்றனர். ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்தது திமுக. போடியின் உறுப்பினரோ தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1991 முதல் 2006 வரை

1991இல் அதிமுக, 1996இல் திமுகவின் ஏ. சுடலைமுத்து, 2001இல் அதிமுக அணி, 2006இல் திமுகவின் எஸ். லட்சுமணன் என வெற்றி மாறி மாறி அமைந்தது. நான்கு முறையும் சென்னையில் ஆட்சி அமைத்த அணியே இங்கும் வென்றது.

பன்னீர்செல்வம் காலம்

2008 மறுவரையறையில் தேனி சட்டமன்றத் தொகுதி கலைக்கப்பட்டது, பெரியகுளம் தனித்தொகுதியானது. அங்கு உறுப்பினராக இருந்த பன்னீர்செல்வம் 2011இல் போடிக்கு வந்து, லட்சுமணனை 29,906 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2016இல் அதே எதிராளியிடம் வித்தியாசம் 15,608 ஆனது. 2021இல் திமுகவின் தங்க தமிழ்ச்செல்வனுடன் மோதி 11,021 வாக்கு வித்தியாசத்தில் கரையேறினார். அந்தத் தங்க தமிழ்ச்செல்வனும் அதிமுகவில் வளர்ந்தவரே. 2002இல் ஜெயலலிதாவுக்காக ஆண்டிபட்டியை விட்டுக்கொடுத்தவர். பன்னீர்செல்வம் மூன்று முறை முதலமைச்சராக இருந்தார். அதில் இரு முறை போடியின் உறுப்பினராக. 2022 ஜூலையில் அதிமுகவிலிருந்து நீக்கப்பட்டார்.

மக்களவைத் தேர்தல்கள்

போடி அடங்கிய மக்களவைத் தொகுதி அடிக்கடி கட்சி மாறியிருக்கிறது. பெரியகுளமாக இருந்தபோது 1999இல் டி. டி. வி. தினகரன் (அதிமுக), 2004இல் ஜே. எம். ஆரூண் ரஷீத் (காங்கிரஸ்) வென்றனர். தேனியான பின் 2009இல் மீண்டும் ஆரூண் ரஷீத், 2014இல் அதிமுகவின் ஆர். பார்த்திபன். 2019இல் பன்னீர்செல்வத்தின் மகன் ப. ரவீந்திரநாத் வென்றார், தமிழ்நாட்டில் அதிமுக அணிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. 2024இல் தங்க தமிழ்ச்செல்வன் தினகரனை 2,78,825 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

தேர்தல் பிரச்சினைகள்

முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசும் பிரச்சினை. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. 2023 ஜூன் 15 அன்று போடிக்கு மீண்டும் ரயில் வரும்வரை அதுவே தேர்தல்தோறும் வாக்குறுதியாக இருந்தது. பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. வைகோ வழக்கும் நடைப்பயணமுமாக எதிர்த்தார். 2021இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் வலியுறுத்தினார்.

எல்லையின் இருபுறமும் வாக்குரிமை வைத்திருப்போர் குறித்த புகார் பழையது. 2011, 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் இரு மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களித்தன. 2019, 2024 மக்களவைத் தேர்தல்களில் தேதிகள் வேறுபட்டதால் இந்தப் புகாருக்கு மறுபடி இடமுண்டானது.

மதிப்பீடு

1977 முதல் 2021 வரை நடந்த 11 சட்டமன்றத் தேர்தல்களில் ஒன்பதில், ஆட்சி அமைத்த அணியே போடியிலும் வென்றது. விதிவிலக்குகள் 1989, 2021 இரண்டு மட்டுமே. அவ்விரு முறையும் நின்றவர் கட்சியின் முன்னணித் தலைவர். ஆகவே போடியைக் கட்சிக் கோட்டை என்பதைவிட, காற்றோடு போகும் தொகுதி, பெரிய தலைவர் நின்றால் மட்டும் காற்றை எதிர்க்கும் தொகுதி என்பதே பொருந்தும்.