பேசாத ஹாட்லைன்

வங்கி அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணை ஹாட்லைன் என்கிறோம். புயல் நாளில் மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் எண்ணுக்கும் அதே பெயர்தான். இலங்கை அறிவிப்புகளில் அது ‘துரித இலக்கம்’. எங்கே கேட்டாலும் இந்தச் சொல் மனத்தில் எழுப்புவது ஒரு தொலைபேசியை, மறுமுனையில் உடனே எடுத்துப் பேசும் ஒரு குரலை. ஆனால் இந்தச் சொல்லை உலகமெங்கும் பரப்பிய மாஸ்கோ–வாஷிங்டன் இணைப்பில் குரலுக்கு இடமே கிடையாது. தொடக்கத்தில் அது டெலிபிரின்டரில் தட்டச்சாகி வந்த எழுத்து. அப்படி அமைந்தது தற்செயலும் அல்ல, அன்றைய தொழில்நுட்பத்தின் குறையும் அல்ல. குரல் வேண்டாம் என்று யோசித்தே முடிவெடுத்தார்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவிலான இந்த இடைவெளிதான் என்னை ஈர்க்கிறது.

சொல் பொருளுக்கு மூத்தது. மின்சாரம் ஓடும் கம்பியைச் ‘சூடான கம்பி’ என்பது ஆங்கில வழக்கு. எண்ணைச் சுழற்றத் தேவையில்லாமல், எடுத்தவுடன் மறுமுனை ஒலிக்கும் தனித் தொலைபேசித் தடத்தை 1950களில் அமெரிக்க ராணுவத்தினர் ஹாட்லைன் என்றனர். ஒமாஹா அருகே இருந்த வியூக விமானப்படைத் தலைமையகத்தில் அப்படியொரு தொலைபேசி சிவப்பு நிறத்தில் இருந்தது. அந்தச் சிவப்பு நிறம் பிற்பாடு செய்த குழப்பத்துக்கு வருகிறேன்.

1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்தபோது, வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிய விதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. சோவியத் தூதர் டோப்ரினின், அவசரச் செய்தியைச் சங்கேத எழுத்தில் மாற்றித் தந்தி நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்புவார். சைக்கிளில் ஒரு பையன் வந்து வாங்கிப்போவான். வழியில் அவன் எங்கும் நின்றுவிடாமல் நேரே அலுவலகம் போய்ச் சேர வேண்டுமே என்று தூதரகத்தில் இருந்தவர்கள் தவித்ததை டோப்ரினின் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சமரசத்துக்கு வழிகாட்டி, சோவியத் தலைவர் குருஷேவ் அக்டோபர் 26 அன்று அனுப்பிய ஏறத்தாழ 3,000 சொற்கள் கொண்ட கடிதத்தை வாஷிங்டன் முழுதாகப் பெற்று வாசிக்க 12 மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பதில் தயாராகுமுன் துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகளை அகற்றச் சொல்லும் இரண்டாவது, கடுமையான செய்தி மாஸ்கோ வானொலியில் ஒலித்துவிட்டது. 28ஆம் தேதி ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் முடிவையும் குருஷேவ் வானொலி வழியாகவே அறிவித்தார். அதைவிட வேகமான வழி அவரிடம் இல்லை.

இரு தலைநகரங்களுக்கும் நேரடித் தடம் வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. அணு இயற்பியலாளர் லியோ சிலார்டும் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங்கும் வலியுறுத்தியிருந்தார்கள். ‘பரேட்’ இதழாசிரியர் ஜெஸ் கோர்கின் 1960இலேயே இரு தலைவர்களுக்கும் தம் இதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். கியூபா அனுபவம் தேவைப்பட்டது, அரசுகள் அசைய. 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் புரிந்துணர்வுக் குறிப்பு கையெழுத்தானது. அதில் ஹாட்லைன் என்ற சொல் கிடையாது; ‘நேரடித் தகவல் தொடர்பு இணைப்பு’ என்பதே முறையான பெயர். ஹாட்லைன் பத்திரிகைகள் சூட்டிய செல்லப்பெயர். ரஷ்யர்களும் அதைத் தங்கள் மொழியில் ‘சூடான தடம்’ என்றே பெயர்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டு 30 அன்று தடம் இயங்கத் தொடங்கியது. வாஷிங்டனிலிருந்து லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி வழியாக மாஸ்கோவுக்குக் கம்பி. அது அறுந்தால் மொராக்கோவின் டாஞ்சியர் வழியாக வானொலித் தந்தி. அமெரிக்கா ஆங்கில எழுத்து டெலிபிரின்டர்களை மாஸ்கோவுக்கு அனுப்பியது, சோவியத் யூனியன் ரஷ்ய எழுத்து எந்திரங்களை வாஷிங்டனுக்கு அனுப்பியது. சங்கேத எந்திரங்கள் நார்வேயில் செய்யப்பட்டவை. தங்கள் ரகசிய முறையை எதிராளியிடம் காட்ட இருவருக்கும் மனமில்லை. ஆகவே மூன்றாவது நாட்டின் எந்திரம். முதலில் போன சோதனைச் செய்தி, ஆங்கிலத்தின் எல்லா எழுத்துகளும் எண்களும் வரும்படி அமைந்த, பழுப்பு நரியைப் பற்றிய பழைய தட்டச்சுப் பயிற்சி வாக்கியம். அதன்பின் மணிக்கொரு முறை, இரவும் பகலும், மாறி மாறிச் சோதனைச் செய்திகள். மார்க் ட்வெய்னும் செகாவும் அதில் பயணம் செய்திருக்கிறார்கள்.

ஏன் தொலைபேசி வைக்கவில்லை? ஒரு தலைவர் கோபத்தில் உதிர்க்கும் சொல், உறக்கம் கெட்ட நேரத்துத் தடுமாற்றம், மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் தவறவிடும் ஒரு துணைவினை: இவற்றில் எதுவும் அந்த நாளில் ஒரு நகரத்தைச் சாம்பலாக்கியிருக்க முடியும். எனவே அவரவர் தம் மொழியில் எழுதி அனுப்புவது, பெறுபவர் தம் ஆட்களை வைத்து மொழிபெயர்ப்பது, ஆலோசகர்களோடு உட்கார்ந்து பதில் எழுதுவது என்று முறை வகுத்தார்கள். செய்தி கம்பியில் போகும் நேரத்தைச் சுருக்கினார்கள். யோசிக்கும் நேரத்தில் கைவைக்கவில்லை. அணுயுகத்தில் மனிதர் செய்த அறிவார்ந்த காரியங்களின் பட்டியல் சிறியது. அதில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

1967 ஜூன் 5 அன்று, மேற்காசியாவில் இஸ்ரேலும் அரபு நாடுகளும் மோதிய போரின் முதல் நாள், அது உண்மையான சோதனைக்கு உள்ளானது. சோவியத் பிரதமர் கொசிகினின் செய்தி வந்தது பென்டகனுக்கு. வாஷிங்டன் முனை அங்கேதான் இருந்தது. அமெரிக்க அதிபர் ஜான்சனுக்காகத் தடத்தை வெள்ளை மாளிகைக்கு நீட்ட வேண்டியிருந்தது. எப்படி விளிப்பது என்று தெரியாமல் அமெரிக்க இயக்குநர்கள் மாஸ்கோ இயக்குநர்களைக் கேட்டிருக்கிறார்கள். ‘தோழர் கொசிகின்’ என்று பதில் வர, ஜான்சனின் பதிலும் அப்படியே தொடங்கிற்று. அமெரிக்க அதிபர் கேலி செய்கிறாரோ என்று மாஸ்கோவில் சந்தேகம் எழுந்ததாக அமெரிக்கத் தூதர் தாம்சன் பிற்பாடு நினைவுகூர்ந்தார். ஒரு விளிச்சொல்லே எழுத்தில் இப்படி உறுத்துமென்றால், குரலில் என்னென்ன நேர்ந்திருக்கும்!

ஜூன் 8 அன்று ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்கக் கப்பலை இஸ்ரேல் தாக்கியதில் 34 பேர் இறந்தனர். அமெரிக்க விமானங்கள் அந்தப் பக்கம் பறப்பது ஏன் என்பதை ஜான்சன் உடனே இந்தத் தடத்தில் மாஸ்கோவுக்குத் தெரிவித்தார். ஹாட்லைன் எதற்காகப் போடப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. மிரட்டலும் அதே கம்பியில் வந்தது. ராணுவ நடவடிக்கை உள்ளிட்ட எதற்கும் தயார் என்று கொசிகின் 10ஆம் தேதி எச்சரித்தார், அமெரிக்கக் கடற்படை சிரியா பக்கம் நகர்ந்தது. அன்று மாலை போர் ஓய்ந்தது. அந்த ஒரு வாரத்தில் ஏறத்தாழ 20 செய்திகள் பரிமாறப்பட்டன.

இதற்குள் சினிமா வேறொரு படத்தை மக்கள் மனத்தில் பதித்துவிட்டது. 1964இல் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’, ‘ஃபெயில் சேஃப்’ இரண்டிலும் அமெரிக்க அதிபர் சோவியத் தலைவரோடு தொலைபேசியில் பேசுகிறார். ஒமாஹாவின் சிவப்பு நிறம் அந்தக் கற்பனைக் கருவியில் ஏறிக்கொண்டது. 1984இல் வால்டர் மாண்டேல் தமது அமெரிக்க அதிபர் தேர்தல் விளம்பரத்திலேயே சிவப்புத் தொலைபேசியைக் காட்டினார். உண்மையான தடம் பின்னர் செயற்கைக்கோளுக்கும், 1980களில் தொலைநகலுக்கும், பிறகு மின்னஞ்சலுக்கும் மாறியது. ஒவ்வொரு முறையும் எழுத்தாகவே மாறியது.

நம் வரலாற்றிலும் அது ஒருமுறை குறுக்கிட்டது. 1971 டிசம்பர் 12 அன்று, வங்கதேசப் போரில் இந்தியாவைக் கட்டுப்படுத்தச் சொல்லி அமெரிக்க அதிபர் நிக்சன் சோவியத் தலைவர் பிரஷ்னெவுக்குச் செய்தி அனுப்பியது இந்தத் தடத்தில்தான். நான்கு நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

இன்று தமிழ்ச் செய்தியில் ஹாட்லைன் என்றால் பெரும்பாலும் டெல்லிக்கும் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக்கும் இடையிலானதுதான். இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் பேசிக்கொள்ளும் அந்தத் தடம், உண்மையிலேயே தொலைபேசி. 2004 ஜூன் 20 அன்று, ஜெனீவாக் கையெழுத்துக்குச் சரியாக 41 ஆண்டுகள் கழித்து, அணு ஆபத்தைக் குறைக்க வெளியுறவுச் செயலர்களுக்கிடையிலும் ஒன்று அமைக்க இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. மாஸ்கோவிலிருந்து ஏவுகணை வாஷிங்டனை அடைய அரைமணி ஆகும். இங்கே எல்லைக்கு இரு பக்கமும் உள்ள நகரங்களுக்குச் சில நிமிடங்களே. இங்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. யோசிக்கும் நேரமும் அதனால் கூடிவிடவில்லை. 2025 மே மாதம் இரு நாடுகளும் மோதிக்கொண்டபோது, 10ஆம் தேதி பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தான் தலைமை இயக்குநர் இந்தியத் தலைமை இயக்குநரை அழைத்தார். மாலை 5 மணியிலிருந்து தாக்குதலை நிறுத்துவதென்று இருவரும் பேசி முடித்தார்கள்.