மன்னருக்குச் சட்டை தைத்தவர்கள்

வரலாற்று நாடகம் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவன், வெல்வெட்டுச் சட்டையில் சரிகையும் சமிக்கியும் மின்ன, தோளில் நீண்ட அங்கி புரள நிற்கும் அரசனே. அவன் சோழனாயினும் பாண்டியனாயினும் உடை ஒன்றே. இந்த உடை எக்காலத்தது? இதனைத் தைத்தவர் யாவர்? கவிஞர்கள் கூடியுள்ள நம் வட்டத்தில் இவ்வினா எழுப்பத்தக்கதே.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். துணி, துண்டு, அறுவை, கூறை ஆகிய அனைத்தும் தறியிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டதைக் குறிக்கும் பெயர்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இத்தொழில் செய்தே கவி பாடியவர். தைத்த உடையையும் தமிழர் அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரம் துன்னகாரரைக் காட்டுகிறது. முல்லைப்பாட்டு 'மெய்ப்பை' அணிந்த யவனரைக் காட்டுகிறது. ஆயினும் சட்டை அங்கே அரசனின் உடை அன்று. காவல் காக்கும் அயலானின் உடை.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் இடையிற் சுற்றிய மெல்லாடையும் மார்பில் அணிகளுமே மிகுதி. அதே கோயிலில் 400 ஆடல் மகளிருக்கு நிவந்தம் வகுத்த இராசராசனின் கல்வெட்டு, தையற்காரருக்கும் பங்கு ஒதுக்கியுள்ளது. ஊசி இருந்தது, ஆனால் மன்னனின் மார்பை அது மூடவில்லை.

அம்மாற்றம் விசயநகர அவையில் தெளிவாகத் தெரிகிறது. 1443-இல் அங்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மன்னர் பட்டு அங்கி அணிந்திருந்ததைப் பதிந்துள்ளார். பாரசீகக் 'குலாஹ்' நம் நாவில் 'குல்லா' ஆயிற்று. சுல்தானியர் நாகரிகத்தின் தையல் கலை, அவர்களோடு போரிட்ட அரசர்களின் உடலிலும் ஏறியது.

மேடை அரசனின் வெல்வெட்டோ இன்னும் பிந்தியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராக வந்த பார்சி நாடகக் குழுக்களின் பகட்டு, நம் நாடகக் கம்பெனிகளையும் பற்றிக்கொண்டது. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை வழியே வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள், பின்னாளில் அரு. இராமநாதனின் 'இராஜராஜ சோழன்' நாடகத்தை மேடையேற்றினர். அது 1973-இல் திரைப்படமும் ஆயிற்று. விடிய விடிய நடக்கும் கூத்தில், பெட்ரோமாக்ஸ் ஒளியில், கடைசி வரிசைக் குடியானவனின் கண்ணுக்கும் 'அரசன்' எனத் தெரிய வேண்டுமே! வெண்பருத்தி அதைச் செய்யாது, சமிக்கி செய்யும். எனவே இவ்வுடையைப் பொய் என்று தள்ளுவதற்கில்லை. அது சோழரின் வரலாறு அன்று. நாடக மேடையின் வரலாறு.

இத்தையலின் இன்னொரு கிளை மதுரைப் புதுமண்டபத்தில் தழைத்தது. திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில் எழுந்த அம்மண்டபத்தில், நாயக்க மன்னர்களின் கற்சிலைகளுக்கு அருகிலேயே தையற்காரர்கள் பல தலைமுறையாய் இயந்திரம் மிதித்தனர். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் திரியெடுப்போரும் தண்ணீர் பீய்ச்சுவோரும் அணியும் சல்லடமும் கச்சையும் உருமாலும் அங்கே உருப்பெற்றன. 2020-களின் தொடக்கத்தில் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. மண்டபத்தின் சிற்பங்கள் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்லில் உறைந்த உடையைக் காக்கும் நாம், கையில் வாழும் வெட்டுமுறையையும் அளவையும் எழுதி வைத்தோமா? கைமாறாமல் போனால் ஒரு தலைமுறையில் மறையக்கூடியது அது.

நம் சுருளியாறும் முல்லையாறும் சென்று சேரும் வைகையில்தான் அழகர் இறங்குகிறார். அவர் உடுத்தும் பட்டின் நிறத்தைக் கொண்டு அவ்வாண்டின் வளத்தை மக்கள் கணிக்கின்றனர். பச்சையெனில் விளைச்சல் என்பது நம்பிக்கை. உடையையும் ஏடாகப் படிக்கத் தெரிந்த மக்கள் நாம்.

பாண்டியர் வரலாற்றுக்கு ஒளியூட்டிய செப்பேடுகளைத் தந்த சின்னமனூர் நம் பக்கத்து ஊர். இனி நம் பள்ளி மேடைகளில் ஒரு பாண்டியன் தோன்றும்போது, நாலு முழ வேட்டியும் மார்பில் ஆரமும் போதும் எனத் துணிவோமாக. நம் கவிதைகளில் அரசனுக்கு ஆடை புனையும்போதும், அது எந்த நூற்றாண்டின் ஊசி என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.