வளையக் கிரகணமும் அல்பத்தானீயின் திருத்தமும்

1825ஆம் ஆண்டு புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்திருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். இதை எழுதி வைத்தவர் ஜான் வாரன். செஞ்சிச் சீமைக்கு அணித்தே நிகழ்ந்த செய்தி இது.

சூரிய கிரகணமோ ஊருக்கு ஊர் வேறுபடுவது. அதிலும் வளையக் கிரகணம் நிகழவே இயலாது என்பது தாலமியின் கணக்கிலிருந்து பெறப்படும் முடிவு. கதிரவனின் தோற்ற அளவு மாறாதது, சந்திரன் மிகத் தொலைவில் நிற்கும்போதும் அதற்கு ஈடாகவே இருக்கும் என அவர் கொண்டிருந்தார். ஆனால் ஹிஜ்ரி 259 ரமழான் இறுதியில் (கி.பி. 873 ஜூலை 28) நைசாபூரில் ஈரான்ஷஹ்ரீ அவ்வளையத்தைக் கண்ணாரக் கண்டார். அச்செய்தியை நமக்குக் காத்துத் தந்தவர் அல்பிரூனீ. ரக்காவில் பல்லாண்டுகள் வானை ஆய்ந்த அல்பத்தானீ (மறைவு கி.பி. 929), கதிரவனின் தோற்ற அளவும் கூடிக் குறைவதை நிறுவி, வளையம் நிகழக்கூடியதே என்று காட்டினார். தாலமியை அவர் புறந்தள்ளவில்லை, அளந்து திருத்தினார்.

2031 மே 21இல் மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியே வளையப் பாதை செல்லும் என இன்று முன்கூட்டியே வரைய முடிகிறது. செஞ்சி அப்பாதைக்கு வடக்கே உள்ளது. அங்கு வளையம் தோன்றாது. குஸூஃப் தொழுகைக்கோ குறைக் கிரகணமே போதும்.