டிபன் கேரியரில் ஒரு கணினி

2008ஆம் ஆண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த இரும்பு உருக்காலைகளுக்கும் ரீரோலிங் மில்களுக்கும் எடைமேடைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் இருந்தேன். பழைய இரும்பு ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஓர் எடை, கழித்தால் சரக்கு. கணக்கு இவ்வளவுதான். அதை ஒவ்வொரு ஆலைக் கணினியிலும் நிறுவி ஓட வைப்பதுதான் பெரும்பாடு. ஓரிடத்தில் விண்டோஸ் 98, இன்னோரிடத்தில் எக்ஸ்பி, மூன்றாவது இடத்தில் முழுக்க வைரஸ். மூர்மார்க்கெட்டில் ரயில் ஏறிப் போய், பகல் பூராவும் ஒரே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு.

அப்போதுதான் ‘விர்ச்சுவல் அப்ளையன்ஸ்’ என்ற யோசனை பரவிக்கொண்டிருந்தது. இயங்குதளம், தரவுத்தளம், நம் மென்பொருள் மூன்றையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கொடுத்துவிடுவது. வாங்குபவர் தன் கணினியில் விஎம்வேரிலோ விர்ச்சுவல்பாக்ஸிலோ அதைத் திறந்தால் போதும். அரிசி பருப்பைக் கொண்டுபோய் அவர்கள் அடுப்பில் சமைப்பதற்குப் பதிலாக, சமைத்ததை டிபன் கேரியரில் அனுப்புவது மாதிரி.

கேரியருக்குள் விண்டோஸை வைத்தால் ஒவ்வொரு பிரதிக்கும் உரிமக் கட்டணம். ஆகவே லினக்ஸ்தான். ஆனால் எந்த லினக்ஸ்?

என் ஓட்டு சென்ட்ஓஎஸ்ஸுக்கு. இதற்கு ஒரு முன்கதை உண்டு. ரெட்ஹாட் லினக்ஸை ஒரு காலத்தில் நாமெல்லாம் இலவசமாகவே போட்டுக்கொண்டோம். அதன் 9ஆம் பதிப்போடு அந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள். 2004 ஏப்ரலோடு ஆதரவும் முடிந்தது. அதன்பின் நிறுவனங்களுக்கான கட்டணப் பதிப்பு மட்டுமே. ஆனால் மூலநிரல் வெளிப்படையாகத்தான் இருந்தது. அதை எடுத்து, ரெட்ஹாட் பெயரையும் சின்னத்தையும் நீக்கிவிட்டு, ஆர்வலர்கள் தொகுத்ததே சென்ட்ஓஎஸ். அப்போதைய கணக்கில் ஒரு பதிப்புக்கு ஏழு வருட ஆதரவு. டெபியனுக்கோ ஏறக்குறைய மூன்று வருடம்தான். எடைமேடைக்காரருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இயங்குதளத்தை மாற்றிக் கொடுப்பது யார் வேலை?

எங்களோடு இருந்த இளைஞர் ஒருவர் டெபியன்தான் வேண்டும் என்று நின்றார்.

“ஒரு தடவை 2004ல இலவசக் கடையை மூடினாங்க. அவங்க நிரலை நம்பித்தான் சென்ட்ஓஎஸ் நிக்குது. நாளைக்கு மறுபடி ஏதாவது மாத்த மாட்டாங்கன்னு என்ன நிச்சயம் சார்?”

“அதெல்லாம் நடக்காது தம்பி” என்றேன்.

1993இல் இயான் முர்டாக் தொடங்கிய டெபியன் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதை 1997இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். முதலாளி அந்தப் பக்கத்தைத் தானே படித்துப் பார்த்துவிட்டு டெபியனுக்குச் சரி சொன்னார். எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

அவருக்கு இன்னொரு பயம். “நம்ம ப்ரோகிராமையும் ஊருக்குத் திறந்து காட்டணுமா?” நியாயமான கேள்வி, எங்கள் பிழைப்பே அதில்தான் இருந்தது. 2007இல் அமெரிக்காவில் பிஸிபாக்ஸ் எழுதியவர்கள், மூலநிரல் தராமல் அதைச் சாதனத்தில் வைத்து விற்ற மான்சூன் மல்டிமீடியா மீது வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்திருந்தது. ஜிபிஎல் உரிமம் விற்காதே என்று சொல்லவில்லை. விற்றால் அந்த உரிமத்துக்கு உட்பட்ட பகுதிகளின் மூலநிரலைக் கூடவே கொடு, அல்லது மூன்று வருடத்துக்குள் கேட்டால் தருகிறேன் என்று எழுதிக் கொடு என்கிறது. அதே வட்டில் தனியாக நிற்கும் நம் நிரலை அது தொடுவதில்லை. மைஎஸ்க்யூஎல் விஷயத்தில்தான் சிக்கல். அதன் இணைப்பு நூலகங்களே ஜிபிஎல்லில் இருந்தன. மூடிய நிரலோடு சேர்த்து விற்க நினைப்பவர்களுக்குத் தனி வணிக உரிமம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதனால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு மாறினோம். மாற்றி எழுத நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், நம் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டரோடு இலவச மடிக்கணினித் திட்டத்தையும் தொடங்கி வைத்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது. அரசு நிறுவனமும் அங்கேதான் வந்து நின்றிருக்கிறது என்று தெரிந்தபோது என் வருத்தம் பாதி குறைந்தது.

மீதிப் பாதி போக 2020 ஆனது. 2014இல் சென்ட்ஓஎஸ் ரெட்ஹாட்டின் அரவணைப்புக்குள் போயிருந்தது. 2019இல் ரெட்ஹாட்டையே ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது: 2029 வரை வரும் என்று எல்லோரும் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 கடைசியோடு முடிகிறது. ராக்கி, அல்மா என்று மாற்றுகள் சீக்கிரமே வந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அதன்மேல் கட்டியவர்கள் எல்லோரும் ஒரு கணக்குப் போட வேண்டியதாயிற்று. தொலைபேசி இணைப்பகம் நடத்தும் ஃப்ரீபிபிஎக்ஸ் தன் 17ஆம் பதிப்பில் டெபியனுக்கே மாறிவிட்டது.

செய்தியைப் படித்த அன்று அந்த இளைஞரைப் போனில் கூப்பிட்டேன். இப்போது அவருக்கும் நரை விழுந்திருக்கும். “நீ சொன்னதுதான் சரிப்பா” என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பிரதியோடும் மூலநிரல் வட்டு ஒன்றை உறையில் போட்டு அனுப்புவோமே, அது யாராவது கேட்டுப் பயன்பட்டதா என்று விசாரித்தார்.

ஒருவர்கூடக் கேட்கவில்லை. மிஞ்சிய வட்டு ஒன்று என் மேஜை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது.